எவ்வளவு தேடினால் போதும்? இலவச மருத்துவத் தரவுத்தளங்களும் தீராத ஒரு விவாதமும்

ஒரு சிகிச்சை பலன் தருமா என்று அறிய விரும்பும் மருத்துவர், அதுவரை வெளியான ஆய்வுகளில் எவ்வளவு தூரம் தேட வேண்டும்? பப்மெட் போன்ற இலவசத் தரவுத்தளம் ஒன்றே போதுமா, சந்தா கட்டினால்தான் திறக்கும் எம்பேஸ் போன்றவையும் வேண்டுமா? அத்தனையிலும் தேடி முடித்தபின் கையில் இருப்பதை முழுச் சான்று என்று சொல்லலாமா? இந்தக் கேள்விகள் இணையத்துக்கும் மூத்தவை. அவற்றுக்குச் சொல்லப்பட்ட விடைகள் ஒன்றையொன்று மறுப்பவை. அவ்விடைகளில் சில முக்கியமானவை டென்மார்க்கிலிருந்து, அதிலும் கோபன்ஹேகன் வட்டாரத்திலிருந்து வந்தவை. நகரின் தென்மேற்கு ஓரத்தில் ஹ்விடோவ்ரே என்னும் நகராட்சி இருக்கிறது. 1976இல் அங்கு திறக்கப்பட்ட பெரிய மருத்துவமனையில் நடந்த ஆய்வுகள், தேடலின் சிக்கல்களைக் காட்ட நல்ல எடுத்துக்காட்டு.

அச்சுப் பட்டியலிலிருந்து இலவசத் திரைக்கு

மருத்துவ இதழ்களில் வருவதையெல்லாம் பொருள்வாரியாகப் பட்டியலிடும் பெருமுயற்சியை 1879இல் அமெரிக்க ராணுவ மருத்துவ நூலகத்தின் ஜான் ஷா பில்லிங்ஸ் தொடங்கினார். அவருடைய 'இண்டெக்ஸ் மெடிகஸ்' என்ற அச்சுப் பட்டியலே பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் மூலம். 1964இல் அந்தப் பணி மெட்லார்ஸ் என்ற பெயரில் கணினிக்கு மாறியது. 1971இல் தொலைபேசிக் கம்பி வழியே தேடக்கூடிய மெட்லைன் வந்தது. அப்போதும் பயிற்சி பெற்ற நூலகர் இல்லாமல் தேடுவது அரிது. தேடலுக்குக் கட்டணமும் உண்டு. 1997 ஜூன் 26 அன்று அமெரிக்கத் துணை அதிபர் அல் கோர் முன்னிலையில் பப்மெட் எல்லோருக்கும் இலவசமாகத் திறக்கப்பட்டது. அச்சுப் பட்டியல் 2004உடன் நின்றது. இன்று பப்மெட்டில் 3.7 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன.

பப்மெட்டும் மெட்லைனும் ஒன்றல்ல. மெட்லைன் என்பது தேர்ந்தெடுத்த சுமார் 5,200 இதழ்களின் கட்டுரைகளுக்கு 'மெஷ்' என்ற வரையறுத்த சொற்பட்டியலிலிருந்து தலைப்புகள் இட்டுத் தொகுத்த பகுதி. பப்மெட்டில் அதற்கு வெளியே உள்ளவையும், இன்னும் தலைப்பிடப்படாதவையும் கலந்து கிடக்கின்றன. ஐரோப்பாவில் 1947இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய எக்ஸெர்ப்டா மெடிகா பின்னர் எம்பேஸ் ஆனது. மருந்தியலில் வளமானது, ஆனால் விலையுள்ளது. 2004இல் கூகுள் ஸ்காலர் வந்தது. அதன் பின்னணியில் இருந்தவர்களுள் ஒருவர் கரக்பூர் ஐஐடியில் படித்த அனுராக் ஆச்சார்யா.

பாதிதான் கிடைத்தது

தேடல் முழுமையானதா என்ற ஐயத்துக்கு எண்ணுருவம் கொடுத்தது 1994இல் பிரிட்டிஷ் மெடிகல் ஜர்னலில் கே டிக்கர்சினும் உடனாய்வாளர்களும் எழுதிய கட்டுரை. ஏற்கெனவே தெரிந்திருந்த சமவாய்ப்பு மருத்துவச் சோதனைகளை வைத்துக்கொண்டு, மெட்லைனில் தேடினால் அவற்றில் எத்தனை அகப்படுகின்றன என்று பார்த்தார்கள். சராசரியாக ஏறத்தாழப் பாதிதான் அகப்பட்டது. சில கட்டுரைகள் மெட்லைனில் இல்லவே இல்லை. மற்றவை இருந்தும், அவை சமவாய்ப்புச் சோதனைகள் என்று குறிக்கப்படாததால் தேடலில் விழவில்லை.

இந்த 'பாதி'யை இன்றைய நிலை போலவே எடுத்துரைப்பவர்கள் உண்டு. அது சரியல்ல. சிகிச்சைச் சான்றுகளைத் திரட்டி மதிப்பிட 1993இல் உருவான காக்ரேன் அமைப்பின் தன்னார்வலர்கள் நூற்றுக்கணக்கான இதழ்களைக் கையால் பக்கம் பக்கமாகப் புரட்டிச் சோதனைகளைக் கண்டெடுத்தார்கள். அவற்றுக்கு மெட்லைனில் புதுக் குறியீடும் இடப்பட்டது. கோபன்ஹேகனில் அதே ஆண்டு தொடங்கிய நோர்டிக் காக்ரேன் மையமும் இந்த அமைப்பைச் சேர்ந்தது. 1994இன் குறையைச் சரிசெய்ய அந்தக் கட்டுரையே ஒரு தூண்டுகோலாயிற்று.

பழைய ஆண்டுகளின் ஓட்டை வேறு வகை. 2001இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஓர் ஆஸ்துமா ஆய்வில் ஹெக்ஸாமெதோனியத்தை மூச்சில் உள்ளிழுத்த 24 வயது ஆரோக்கியமான தன்னார்வலர் ஒருவர் இறந்தார். அந்த மருந்து நுரையீரலைப் பாதிக்கலாம் என்பதற்கான தடயங்கள் 1950களின் கட்டுரைகளில் இருந்தன. பப்மெட்டில் அப்போது 1966க்கு முந்தையவை பெரும்பாலும் கிடையா. பழி தரவுத்தளத்துடையதா, அதன் எல்லை அறியாமல் தேடியவருடையதா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. இரண்டாவது பக்கமே வலுவாகத் தெரிகிறது: 1966 என்ற எல்லை ரகசியமல்ல, நூலகர்கள் எல்லோரும் அறிந்தது.

அந்த எல்லைக்கு அப்பால் சென்னையின் ஓர் ஆய்வும் இருந்தது. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், வீட்டிலேயே மருந்து எடுத்துக்கொள்ளும் நோயாளிகளையும் சானட்டோரியத்தில் தங்கிச் சிகிச்சை பெறுபவர்களையும் ஒப்பிட்டது. அதன் முடிவு 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் புல்லட்டினில் வெளிவந்தது. உலகெங்கும் காசநோய் மருத்துவத்தின் போக்கையே மாற்றியது. இன்று அது முழுக்கட்டுரைகளின் களஞ்சியமான பப்மெட் சென்ட்ரலில் முழுமையாக, இலவசமாகக் கிடைக்கிறது. பழைய இதழ்களை ஒளிவருடி ஏற்றியதால் வந்த பயன் இது. எல்லா இதழ்களின் பழைய தொகுதிகளும் இப்படி ஏற்றப்படவில்லை.

ஹ்விடோவ்ரேயைத் தேடினால்

1990களில் ஹ்விடோவ்ரேயின் அறுவைச் சிகிச்சைப் பேராசிரியர் ஹென்ரிக் கெலெட், அறுவைக்குப் பின் நோயாளி படுக்கையில் கிடக்கும் நாட்களைக் குறைக்க ஒரு வழியை வகுத்தார். முதுகுத்தண்டு வழி வலிநீக்கம், விரைவில் உணவு, விரைவில் நடை என்று பலவற்றைச் சேர்த்துச் செய்யும் முறை அது. 2000இல் அனல்ஸ் ஆஃப் சர்ஜரியில் வந்த ஹ்விடோவ்ரே கட்டுரையில், பெருங்குடல் பகுதியை நீக்கிய 60 நோயாளிகளில் இடைநிலைத் தங்கல் இரண்டே நாள். ஒரு வாரமோ அதற்கு மேலோ தங்குவது வழக்கமாக இருந்த காலம் அது. பின்னர் அதே மருத்துவமனையின் எலும்பியல் துறையில் ஹென்ரிக் ஹுஸ்டெட் இதை இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்றுக்கும் கொண்டுபோனார்.

இந்த முறையைப் பற்றிய எல்லா ஆய்வுகளையும் பப்மெட்டில் தேட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதலில், அதற்கு வழங்கிய 'ஃபாஸ்ட் டிராக்' என்ற பெயரால் தேடலாம். ஆனால் அதே சொல் இதய அறுவையில் வேறு பொருளிலும், அவசர சிகிச்சைப் பிரிவில் லேசான நோயாளிகளைப் பிரித்து அனுப்பும் வரிசைக்கும், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டின் விரைவுப் பரிசீலனைக்கும் வழங்குகிறது. பொருந்தாதவை குவியும். 2001இல் கெலெட்டும் பிற ஐரோப்பிய அறுவை மருத்துவர்களும் சேர்ந்து தொடங்கிய ஆய்வுக் குழு 'ஈராஸ்' (அறுவைக்குப் பின் மேம்பட்ட மீட்பு) என்ற பெயரைப் பரப்பியது. அதற்குப்பின் வந்த கட்டுரைகள் அந்தப் பெயரில் உள்ளன. கெலெட்டின் தொடக்கக் கட்டுரைகள் 'பல்வழி மறுவாழ்வு' என்ற பொருளில் எழுதப்பட்டவை. மெஷ் பட்டியலில் இதற்கென்று தனித் தலைப்பு வந்தது இரண்டு பத்தாண்டுகளுக்கும் மேல் கழித்துத்தான். அதுவரை இவை 'அறுவைச் சூழல் பராமரிப்பு', 'மருத்துவமனைத் தங்கல்' போன்ற பொதுத் தலைப்புகளில் சிதறிக் கிடந்தன. மெஷ்ஷை மட்டும் நம்பும் தேடல், ஒரு கருத்து புதிதாக இருக்கும்போதுதான் அதிகம் ஏமாற்றும். மருத்துவருக்கு அந்தக் கருத்து அதிகம் தேவைப்படுவதும் அப்போதுதான்.

நிறுவனப் பெயரால் தேடினால் வேறொரு பள்ளம். பப்மெட் பதிவுகளில் 1988 முதல்தான் முகவரி இடம்பெற்றது. அதுவும் ஏறத்தாழ 2014 வரை முதல் ஆசிரியரின் முகவரி மட்டும். ஹ்விடோவ்ரே மருத்துவர் இரண்டாவது, மூன்றாவது ஆசிரியராக இருந்த பழைய கட்டுரைகள் 'ஹ்விடோவ்ரே' என்ற சொல்லுக்கு அகப்படமாட்டா. மருத்துவமனையும் ஒரே பெயரில் நிற்கவில்லை. 'ஹ்விடோவ்ரே மருத்துவமனை', 'கோபன்ஹேகன் பல்கலைக்கழக மருத்துவமனை, ஹ்விடோவ்ரே', அமாகர் மருத்துவமனையுடன் இணைந்தபின் 'அமாகர்–ஹ்விடோவ்ரே' என்று பல வடிவங்கள். ஒரு நிறுவனத்தின் ஆய்வுப் பங்கை இத்தகைய தேடலால் அளந்து, ஆண்டுக்காண்டு வளர்ந்தது என்று வரைபடம் போடுபவர்கள், வளர்ந்தது ஆய்வா முகவரிப் பதிவா என்று பார்ப்பதில்லை.

போதும் என்பவரும் போதாது என்பவரும்

'இலவசமே போதும்' என்னும் தரப்பு சோம்பலின் தரப்பு அல்ல. அதற்கும் ஆய்வுகள் உண்டு. 2003இல் மத்தியாஸ் எகரும் உடனாய்வாளர்களும், கண்டெடுக்கக் கடினமான சோதனைகள் பெரும்பாலும் தரத்தில் தாழ்ந்தவை என்று காட்டினர். அவற்றைச் சேர்ப்பது சில சமயம் பிழையைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டும். 2015இல் வந்த இன்னோர் ஆய்வு, சிகிச்சைகள் குறித்த ஆய்வுகளையெல்லாம் தேடித் தொகுத்து மதிப்பிடும் முறைசார் மீளாய்வுகளில் பப்மெட்டுக்கு அப்பால் தேடியதால் முடிவுகள் சிறிதளவே மாறின என்றது. நேரமும் ஆளும் குறைந்த இடத்தில் இது ஆறுதலான செய்தி.

எதிர்த் தரப்பில் 2017இல் ரோட்டர்டாமின் விக்கர் பிராமர் குழு 58 மீளாய்வுகளை எடுத்துக்கொண்டு, எந்தத் தளங்களின் சேர்க்கை எத்தனை மேற்கோள்களைப் பிடிக்கிறது என்று கணக்கிட்டது. எம்பேஸ், மெட்லைன், வெப் ஆஃப் சயன்ஸ், கூகுள் ஸ்காலர் நான்கும் சேர்ந்து 98.3 சதவீதத்தைப் பிடித்தன. வெளியான மீளாய்வுகளில் ஏறக்குறைய 60 சதவீதம், தேவையான மேற்கோள்களில் 95 சதவீதத்தைக்கூட எட்டும்படி தேடவில்லை என்பது அவர்கள் மதிப்பீடு. அந்த நான்கில் இரண்டு விலைக்குரியவை.

இரு தரப்பும் வெவ்வேறு கேள்விக்கு விடை சொல்கின்றன என்பது கவனிக்கத்தக்கது. ஒன்று 'முடிவு மாறுமா?' என்று கேட்கிறது. மற்றது 'எத்தனை தவறின?' என்று கேட்கிறது. ஐந்து கட்டுரை தவறியும் முடிவு மாறாமல் இருக்கலாம். ஒன்றே தவறி முடிவு கவிழலாம். அரிய பக்கவிளைவுகள் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவை.

கூகுள் ஸ்காலர் இங்கே தனியாக நிற்கிறது. 2013இல் ஒரு பிரெஞ்சுக் குழு, சில மீளாய்வுகளின் மேற்கோள்கள் அத்தனையும் அதில் இருப்பதாக அறிவித்தது. உடனே மறுப்புகள் வந்தன: ஏற்கெனவே பெயர் தெரிந்த கட்டுரை அதில் இருக்கிறதா என்று பார்ப்பது வேறு, தெரியாத கட்டுரையை அதில் கண்டுபிடிப்பது வேறு. ஒரு தேடலுக்கு அது 1,000 முடிவுகளுக்கு மேல் காட்டாது; நாளை அதே சொற்களைப் போட்டால் அதே வரிசை வரும் என்ற உறுதியும் கிடையாது. 28 தேடுதளங்களை ஒப்பிட்ட 2020ஆம் ஆண்டு ஆய்வு, மீளாய்வுக்கு அதை முதன்மைக் கருவியாகக் கொள்ளக்கூடாது என்றது. துணைக் கருவியாக அது மதிப்புள்ளதுதான். ஆய்வேடுகளும் அறிக்கைகளும் அகப்படும் இடம் அதுவே.

எழுதப்படாததை எந்தத் தளத்தில் தேடுவது?

தளங்களுக்கிடையிலான இந்தப் போட்டி, பெரிய ஓட்டையை மறைத்துவிட்டது என்றே சொல்லத் தோன்றுகிறது. டென்மார்க்கின் பங்களிப்பு முக்கியமாவது இங்கே.

1994–95இல் கோபன்ஹேகன், ஃபிரெடரிக்ஸ்பெர்க் ஆய்வு நெறிமுறைக் குழுக்கள் அனுமதித்த சோதனைத் திட்டங்களை ஆன்-வென் சானும், நோர்டிக் காக்ரேன் மையத்தின் பீட்டர் கொட்ஷே உள்ளிட்டோரும் பின்னர் வெளியான கட்டுரைகளோடு வைத்து ஒப்பிட்டனர். 2004இல் ஜாமா இதழில் வந்த முடிவு: 102 சோதனைகளில் 62 சதவீதத்தில், முதன்மை விளைவுகளில் ஒன்றாவது மாற்றப்பட்டோ புதிதாகச் சேர்க்கப்பட்டோ விடப்பட்டோ இருந்தது. தீங்கு தொடர்பான விளைவுகளில் 65 சதவீதம் அரைகுறையாகவே அறிவிக்கப்பட்டிருந்தன. விடுபட்டவை இருக்கின்றனவா என்று ஆய்வாளர்களிடமே கேட்டபோது, பதில் தந்த 49 பேரில் 42 பேர் இல்லை என்றார்கள்; எதிரான ஆவணம் ஒப்பிட்டவர்களின் கையில் இருந்தது.

இந்த இடத்தில் பப்மெட், எம்பேஸ் என்ற பேச்சுக்கே பொருளில்லை. கட்டுரை கிடைக்கிறது, கட்டுரைக்குள் இருக்க வேண்டியது இல்லை. இதற்கு மாற்றாக எழுந்தவைதான் சோதனைப் பதிவேடுகள். அமெரிக்கப் பதிவேடு 2000இலும் இந்தியப் பதிவேடான சிடிஆர்ஐ 2007 ஜூலையிலும் திறந்தன. 2009 முதல் இந்தியாவில் பதிவு கட்டாயம். இரண்டும் இலவசம். ஆனால் பதிவேட்டில் திட்டம் இருக்கும். முடிவு பல சமயம் இருக்காது.

கொட்ஷே 2007இல் உடனாய்வாளர் ஒருவருடன் சேர்ந்து, உடல் எடையைக் குறைக்கும் இரு மருந்துகளின் சோதனை ஆவணங்களை ஐரோப்பிய மருந்து முகமையிடம் கேட்டார். மறுக்கப்பட்டது. ஐரோப்பியக் குறைதீர்ப்பாளர் தலையிட்ட பிறகு, மூன்று ஆண்டுகளுக்கும் மேல் கழிந்தபின்தான் வழி திறந்தது. கொட்ஷே பின்னாளில் பல சர்ச்சைகளில் சிக்கியவர்; 2018இல் காக்ரேன் அமைப்பிலிருந்தே நீக்கப்பட்டார். அதனால் இந்த ஆவணப் போராட்டத்தின் மதிப்பு குறைந்துவிடாது. விலைக்குரிய தரவுத்தளம் எதிலும் இல்லாத சான்று முகமையின் அலமாரியில் இருந்தது என்பதை அது காட்டியது.

தலைப்பு தெரியும், கட்டுரை தெரியாது

பப்மெட் இலவசம் என்றால், பெரும்பாலும் தலைப்பும் சுருக்கமும் இலவசம் என்றுதான் பொருள். கல்யாணப் பத்திரிகை கையில் இருக்கிறது, மண்டபக் கதவு பூட்டியிருக்கிறது. சுருக்கத்தை மட்டும் படித்து முடிவெடுக்கும் பழக்கத்துக்கு மருத்துவர்களைக் குறை சொல்வது எளிது. முழுக்கட்டுரைக்கு ஒரு நாள் வருமானத்தை விலையாகக் கேட்டால் தாலுகா மருத்துவமனைக்காரர் என்ன செய்வார்?

அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் (என்ஐஎச்) நிதியில் நடந்த ஆய்வுகள் 2008 முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் பப்மெட் சென்ட்ரலில் சேர வேண்டும் என்றானது. 2025 ஜூலை முதல் அந்தக் காத்திருப்பும் இல்லை. இந்தியாவுக்குக் கதவு வேறு வழியாகத் திறந்தது. ஏழை நாடுகளுக்கு இதழ்களைத் தந்த ஹினாரித் திட்டத்தில் இந்தியாவுக்கு இடமில்லை. 2007இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பணம் கட்டி, காக்ரேன் நூலகத்தை நாடு முழுவதற்கும் திறந்தது. இதைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களை உருவாக்குவதில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பிரதாப் தர்யன் தலைமையில் இயங்கிய தெற்காசிய காக்ரேன் மையம் பெரும் பங்கு வகித்தது. கடவுச்சொல் கிடைப்பதைவிடத் தேடலை வடிவமைக்கக் கற்பது கடினம் என்பதை அந்த மையத்தின் பட்டறைகள் ஏற்றுக்கொண்டிருந்தன.

2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை 6,000 கோடி ரூபாயில் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. முப்பது பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்குத் திறந்தன. தனியார் மருத்துவமனையிலும் சொந்தக் கிளினிக்கிலும் இருப்பவர்கள் அதற்கு வெளியே நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் நோயாளிகளில் பெரும்பகுதியைப் பார்ப்பவர்களில் அவர்களும் உண்டு. சை-ஹப் போன்ற சட்டவிரோதத் தளத்தைப் பயன்படுத்துவோரில் இந்தியர்கள் முன்வரிசையில் இருந்தது ஏன் என்பதற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

முடியாதவை

மூன்று விஷயங்களில் விவாதம் இன்னும் நடக்கிறது. முதலாவது, மெஷ் தலைப்பிடும் பணி. மனிதர்கள் படித்துச் செய்த அந்த வேலையை 2022 முதல் நிரல்களே செய்கின்றன. வேகம் கூடியது உறுதி. மாதக்கணக்கில் காத்துக் கிடந்த கட்டுரைகள் இப்போது ஓரிரு நாளில் தலைப்புப் பெறுகின்றன. சுருக்கத்தில் சொல்லாமல் கட்டுரையின் உள்ளே மட்டும் சொன்ன கருத்து நிரலின் கண்ணில் படுமா என்பதுதான் நூலகர்களின் கவலை. ஹ்விடோவ்ரேயின் விரைவு மீட்பு முறை போல, பெயர் நிலைக்காத புதிய கருத்துகளுக்கு இது கூடுதல் ஆபத்தாகலாம்.

இரண்டாவது, உரையாடும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள். இல்லாத கட்டுரைக்கு ஆசிரியர், ஆண்டு, இதழ் எல்லாம் சூட்டித் தரும் அவற்றின் பழக்கம் தெரிந்ததே. பப்மெட்டோடு இணைத்தபின் அது குறைகிறது. ஆனால் எதை விட்டுவிட்டது என்று அவை சொல்வதில்லை. மீளாய்வின் அடிப்படையே, தேடிய சொற்களை எழுதிவைத்து மற்றவர் திரும்பச் செய்து பார்க்க விடுவதுதான்.

மூன்றாவது, பப்மெட்டை நடத்துவது ஒரே நாட்டின் கருவூலம். 2025 மார்ச்சில் அந்தத் தளம் சிறிது நேரம் நின்றபோது அதற்கு வேறு காரணம் இருந்திருக்கலாம். ஆயினும் அந்த அரசில் நடந்துகொண்டிருந்த ஆட்குறைப்புகளோடு சேர்த்துப் பார்த்த ஐரோப்பிய நூலகர்கள் பதறினார்கள். ஜெர்மனியின் கொலோன் நகரில் உள்ள ஸெட்பி மெட் நூலகம் ஒரு திறந்த மாற்றுத் தளத்துக்கான திட்டத்தை முன்வைத்தது. 5,000க்கும் மேற்பட்ட இதழ்களுக்குத் தொடர்ந்து தலைப்பிடும் செலவை எந்த நாடுகள் பகிர்ந்துகொள்ளும் என்பது திறந்த கேள்வி.

இவற்றுக்கு அடியில் இன்னொன்று கிடக்கிறது. எகர் குழுவாகட்டும் பிராமர் குழுவாகட்டும், அளவுகோலாக எடுத்துக்கொண்டது மாதக்கணக்கில் தேடித் தொகுக்கும் மீளாய்வுகளை. புறநோயாளிப் பிரிவில் ஒரு நோயாளிக்கும் அடுத்தவருக்கும் இடையே பத்து நிமிடம் கிடைத்து, கைபேசியில் பப்மெட்டைத் திறக்கும் மருத்துவருக்கு 98.3 சதவீதம் ஒரு பொருட்டல்ல. முதல் பக்கத்தில் வரும் பத்து முடிவுகள்தான் அவருக்குச் சான்று. அந்தப் பத்தை இப்போது தெரிவு செய்வது 'சிறந்த பொருத்தம்' என்ற பெயரில் 2020 முதல் இயல்நிலையாகிவிட்ட ஒரு தரவரிசை நிரல். பிறர் எதை அதிகம் சொடுக்கினார்கள் என்பதும் அதன் கணக்கில் சேர்ந்தது.